கூரையில் ஒன்பது துளைகள்: பாட்டு கேட்க இத்தனை ஸ்பீக்கர் வேண்டுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போட்டு, கூரையில் மாட்டியிருந்த நான்கு ஸ்பீக்கர்களையும் கழற்றி இறக்கினேன். மாட்டி ஏழு மாதம்தான் ஆகிறது. எதுவும் பழுதாகவில்லை, நான்கும் நன்றாகவே பாடிக்கொண்டிருந்தன. ஆனால் அவை பாடுகின்றனவா இல்லையா என்று என் காதுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஏழு மாதம் ஆயிற்று.

படம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது எதுவும் பொருந்தாது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்க வேண்டுமென்றால் தலைக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டும். என் அறையில் டிவி கிடையாது. பாட்டை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்பான ரிசீவரின் மெனுவைப் பார்க்க ஒரு பழைய மானிட்டர் மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டு மட்டுமே.

2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமல் டால்பி அட்மாஸ் (முன்னால் மட்டுமல்ல, சுற்றியும் தலைக்கு மேலும் ஒலியை வைக்கும் வடிவம்) பாடல்களைத் தர ஆரம்பித்தபோது பிடித்த ஆசை இது. ஹெட்ஃபோனில் கேட்டதில் பாதிப் பாடல்கள் பிடித்தன, பாதி கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் இருந்தன. ஹெட்ஃபோனை நம்பக் கூடாது, நிஜ ஸ்பீக்கரில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செலவு செய்ய முடிவு செய்தவனுக்குக் காரணமா கிடைக்காது?

அறை 4.2 மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரம். பல வருடமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். போக நினைத்தது 5.1.4 அமைப்புக்கு: காது மட்டத்தில் ஐந்து (முன் ஜோடி, அவற்றின் நடுவில் சென்டர், பக்கங்களில் சுற்று ஜோடி), அடித்தொனிக்கு மட்டும் சப்வூஃபர் ஒன்று, மேலே நான்கு.

துளை போடப் பயந்து முதலில் குறுக்கு வழி பார்த்தேன். முன் ஸ்பீக்கரின் தலையில் உட்கார்ந்து, ஒலியைக் கூரையில் மோதவிட்டுக் கீழே இறக்கும் சின்னப் பெட்டிகள் உண்டு. நண்பரிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கி வைத்தேன். அதற்குச் சமதளமான, கடினமான கூரை வேண்டும். என் அறையில் சரியாக ஒலி மோத வேண்டிய இடத்தில் ஒரு பீம் ஓடுகிறது. பெட்டிகளை முன்னே பின்னே நகர்த்தி இரண்டு மாலைகள் போராடினேன். சோதனைக்குப் போட்ட மழைச் சத்தம் எப்போதும் பெட்டியிலிருந்தேதான் வந்தது, ஒரு தடவைகூட மேலிருந்து பெய்யவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரி, துளையே போடலாம் என்று இறங்கினேன். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 3.2 கிலோ. தலைக்கு மேல் தொங்கும் பொருளுக்குப் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. இறுக்க இறுக்க உள்ளே விரியும் இரும்பு ஆங்கர் போல்ட், 8 மி.மீ., தாங்கிக்கு இரண்டு. அது போக ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மெல்லிய எஃகு வடம், போல்ட் விட்டுப்போனாலும் தலையில் விழாமலிருக்க. சுத்தியல் டிரில்லின் பிட்டில் 50 மி.மீ. தூரத்தில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டேன், ஆழம் தெரிவதற்கு. ஒரு காலி தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் மாட்டினால் கான்கிரீட் தூள் கண்ணில் கொட்டாமல் டப்பாவில் விழும். இந்த முழு வேலையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அந்த டப்பாதான்.

எட்டுத் துளை போதும், ஒன்பது ஆயிற்று. மூன்றாவது துளை 30 மி.மீ. போனதும் டிரில்லின் சத்தம் மாறியது. 'கிர்ர்ர்' என்றிருந்தது 'கீஈஈ' என்று கத்த ஆரம்பித்தது, பிட் நகரவே இல்லை, தூள் வருவதும் நின்றுவிட்டது. உள்ளே முறுக்குக் கம்பி. அழுத்தினால் பிட்தான் போகும், கம்பியை வெட்டுவதும் தப்பு. தாங்கியையே 4 செ.மீ. தள்ளி வைத்தேன்.

ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி 1.5 சதுர மி.மீ. செம்பு. தடித்ததாக வாங்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டேன்: 9 மீட்டர் ஓட்டம், போக வர 18 மீட்டர், மின்தடை சுமார் 0.2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் கால் டெசிபெல்கூட இழப்பில்லை. மொத்தம் 63 மீட்டர் தேவைப்பட்டது, நான் வாங்கியது 60. பின்பக்க மேல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு மூன்று மீட்டர் ஒட்டுப் போட்டுப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். மூலைகளில் எவ்வளவு கம்பி மறையும் என்பதை டேப்பில் அளக்கும்போது யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

முதல் நாள் எல்லாவற்றையும் இணைத்துப் போட்டதும் இடது பக்கச் சுற்று ஸ்பீக்கர் ஏதோ மாதிரி இருந்தது. பாட்டு அங்கிருந்து வராமல் தலையைச் சுற்றி மிதந்தது. ஆம்ப்பிலிருந்து கம்பியைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் முனைகளை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். நேர்முனை சிவப்புக் கம்பியில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனது. ஸ்பீக்கர் முனையில் கம்பி மாறியிருக்கிறது. ஒன்பதையும் இப்படிச் சோதித்தேன், பத்து நிமிட வேலை. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது ரிசீவர் தானாக அளவெடுக்கும் படலம். மைக்கை நாற்காலியில் காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'வூப்' என்று சத்தம் விட்டு, தூரமும் அளவும் அதுவே போட்டுக்கொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தது, சப்வூஃபரைத் தவிர. டேப்பில் 2.7 மீட்டர் தூரத்தில் இருப்பதை 4.8 மீட்டர் என்றது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று நான் 2.7 என்று மாற்றி எழுதினேன். மூன்று வாரம் அப்படியே கேட்டேன். பாஸ் கிட்டாரின் சில சுரங்கள் மட்டும் ஆள் இல்லாத மாதிரி காணாமல் போயின.

கடைசியில் ஒரு யூஎஸ்பி அளவீட்டு மைக் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். சப்வூஃபரும் முன் ஸ்பீக்கரும் கைமாற்றிக்கொள்ளும் 80 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் பள்ளம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றும் வடிகட்டியும் ஒலியைச் சில மில்லி நொடி தாமதிக்கின்றன. ரிசீவர் அந்தத் தாமதத்தைத்தான் தூரமாக எழுதியிருக்கிறது. ஒலிக்கு நொடிக்கு 343 மீட்டர் என்றால் அதிகப்படியான 2.1 மீட்டர் என்பது 6 மில்லி நொடி. திரும்ப 4.8 என்று போட்டதும் பள்ளம் நிரம்பியது. ரிசீவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதே வரைபடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது. 41 ஹெர்ட்ஸில் 14 டெசிபெல் குழி. 343-ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 41 வருகிறது. அந்த அலைக்கு அறையின் நட்டநடுவில் ஒலியே இருக்காது. நான் நாற்காலியைப் போட்டிருந்தது நட்டநடுவில். எல்லாப் பக்கமும் ஸ்பீக்கர் இருந்தால் நடுவில் உட்காருவதுதானே முறை என்று நினைத்திருந்தேன்.

நாற்காலியைப் பத்துப் பத்து சென்டிமீட்டராகப் பின்னால் தள்ளி ஒவ்வொரு இடத்திலும் அளந்தேன். பின்சுவரிலிருந்து 1.6 மீட்டரில் குழி 5 டெசிபெலாகக் குறைந்தது. முன் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து 70 செ.மீ. முன்னே இழுத்து, இரண்டுக்கும் இடையில் 2.2 மீட்டர், நாற்காலிக்கும் 2.2 மீட்டர் என்று சமபக்க முக்கோணமாக்கினேன். சுற்று ஸ்பீக்கர்கள் 110 பாகையில், காதுக்குச் சற்றுப் பின்னால். அன்று ராத்திரி வெறும் இரண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபருமாகப் போட்டுக் கேட்டது, அதுவரை அந்த அறையில் கேட்ட எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. அதற்குச் செலவு பூஜ்யம். பத்து வருடமாக நாற்காலியைத் தள்ளிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் நாற்காலி நகர்ந்ததும் கூரைக் கணக்கு கெட்டது. மேல் ஸ்பீக்கர்கள் காதிலிருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். பழைய இடத்திலிருந்து முன்னும் பின்னும் தலா 1.5 மீட்டர் தள்ளி மாட்டியிருந்தேன். நாற்காலி அரை மீட்டர் பின்னால் போனதில் முன் ஜோடி 44 பாகையில் அழகாக நின்றது, பின் ஜோடி 62 பாகையில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. பின்னால் தள்ளவும் அதிக இடமில்லை. இன்னும் நான்கு துளை போட மனம் வராமல், ஸ்பீக்கரைத் தாங்கியில் சாய்த்துவிட்டு அப்படியே விட்டேன். அதனால் கீழே வரும் தேர்வு முடிவுகளை குறையே இல்லாத ஒரு அறையின் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கேட்கும் கதை.

முதல் மாதம் ஒரே பாடலின் ஸ்டீரியோ வடிவத்தையும் அட்மாஸ் வடிவத்தையும் மாற்றி மாற்றிப் போட்டதில் ஸ்டீரியோதான் எப்போதும் ஜெயித்தது. அதில் துடிப்பு, இதில் சோகை. செலவெல்லாம் வீணா என்று வயிறு கலங்கியது. அப்புறம்தான் சத்தத்தை அளக்கும் மீட்டரை எடுத்து நாற்காலியில் வைத்தேன். ஸ்டீரியோ வடிவம் 5, 6 டெசிபெல் சத்தமாக இருந்தது. அட்மாஸ் இசைக் கலவையின் சராசரி ஒலியளவு மைனஸ் 18 எல்.கே.எஃப்.எஸ். (பதிவின் சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவைத் தாண்டக் கூடாது என்று டால்பி வரம்பு வைத்திருக்கிறது. ஸ்டீரியோவுக்கு அப்படி வரம்பில்லாததால் பல பாடல்களை, மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் குறையும்படி அழுத்திப் பிழிந்து அதைவிட எவ்வளவோ மேலே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு டெசிபெல் சத்தம் கூடினாலே காது 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். ஐந்துக்குக் கேட்கவே வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஏமாற்று இருந்தது. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது பாஸையும் சுற்று ஸ்பீக்கர்களையும் தானே தூக்கிக் கொடுக்கும் வசதி ஒன்று ரிசீவரில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரியில் அட்மாஸ் 'சூழ்ந்து' கேட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். அணைத்தேன். ஒவ்வொரு பாடலையும் மீட்டர் வைத்து அரை டெசிபெலுக்குள் சமப்படுத்தி, 30 பாடல்களுக்கு எண்களை ஒரு தாளில் எழுதினேன். இதற்கே ஒரு வாரம்.

சமப்படுத்தியபின் மகளை ரிமோட்டுடன் பின்னால் உட்காரவைத்தேன். அவள் மாற்றுவாள், நான் எது பிடிக்கிறது என்று மட்டும் சொல்வேன். நேரடிக் கச்சேரி, சேர்ந்திசை, பெரிய வாத்தியக்குழு என்று ஓர் இடத்தின் காற்றோடு பதிவான 12-இல் 10-க்கு அட்மாஸைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணை மூடியதும் பின்சுவர் மறைந்து, அறை ஒரு மண்டபத்தின் அளவுக்குப் போனது. ஒரு சேர்ந்திசைப் பதிவில் பாடி முடித்த கடைசி சுரம் முன்னாலிருந்து கிளம்பி என் தோளைத் தாண்டிப் பின்னால் போய் அடங்கியது. இரண்டு ஸ்பீக்கரில் அதே சுரம் முன்சுவரிலேயே கரைந்தது. இதை ஒரு தடவை கேட்டுவிட்டால் மறப்பது கஷ்டம்.

ஸ்டூடியோவில் தயாரான 18 பாடல்களில் கதை வேறு. ஸ்டீரியோவுக்கு 11, அட்மாஸுக்கு 4, மூன்றில் வித்தியாசமே தெரியவில்லை. பழைய பாடல்களை மறுபடி பிரித்துக் கலந்ததில் ஒரு கிட்டார் காரணமே இல்லாமல் வலது காதுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாசிக்கிறது. குரல் சென்டர் ஸ்பீக்கரில் தனியாக அடைபட்டு, குழுவோடு சேராமல் நிற்கிறது. (என் சென்டர் ஸ்பீக்கர் வேறு வகை, அதற்கும் பங்கு உண்டு. அலமாரியின் விளிம்புவரை இழுத்து, அடியில் ரப்பர் ஆப்பு வைத்து மேல்நோக்கிச் சாய்த்ததில் கொஞ்சம் தேறியது.)

அந்த நான்கு பாடல்கள் உறுத்தின. அவை ஏன் ஜெயித்தன? ஒரு யோசனை வந்தது: அட்மாஸ் வடிவத்தையே இரண்டு ஸ்பீக்கராகச் சுருக்கிக் கேட்டால்? ரிசீவரில் முன் ஜோடி மட்டும் இருப்பதாகச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் அந்த இரண்டில் கலந்து கொடுத்துவிடும். கேட்டேன். நான்கில் மூன்று, இரண்டே ஸ்பீக்கரில்கூட ஸ்டீரியோ வடிவத்தை ஜெயித்தன. ஆக, எனக்குப் பிடித்தது சுற்றி வரும் ஒலி அல்ல, பிழியாமல் விட்ட கலவை. டிரம் அடி அடியாக விழுகிறது, அவ்வளவுதான். ஒலி வடிவத்தை ஒப்பிடுகிறோம் என்று நினைத்து இரண்டு வேறு கலவைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கூரை. இங்கே விருப்பத்தைக் கேட்பதில் பயனில்லை, தெரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. மகள் நாணயம் சுண்டிப் பார்த்து, மேல் ஸ்பீக்கர்களின் பிளக்கைச் செருகுவாள் அல்லது உருவுவாள், ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை அணைத்துவிட்டு. "அப்பா, மேல இருக்கிறது ஓடுதா, இல்லையா? யோசிக்காம சொல்லுங்க." இருபது தடவை. சும்மா அடித்துவிட்டாலே பத்து வரும், நான் 16 சரியாகச் சொன்னேன். குதிக்காத குறை. துளைகள் வீண் இல்லை!

இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது உறைத்தது, அது தப்பான தேர்வு. பிளக்கை உருவினால் மேலே போகிற ஒலி அறையிலிருந்தே காணாமல் போகிறது. மேல் ஸ்பீக்கரே வாங்காதவர் வீட்டில் அப்படி நடக்காது. எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று ரிசீவருக்குத் தெரிந்தால், மேலே போக வேண்டியதைக் கீழே இருப்பவற்றில் பிரித்துக் கொடுத்துவிடும். நான் கண்டுபிடித்தது உயரத்தை அல்ல, காணாமல் போன ஒலியை.

நல்லவேளை, என் ரிசீவர் இரண்டு ஸ்பீக்கர் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் 5.1.4, இன்னொன்றில் 5.1. மாற்ற ஏழெட்டு நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் காதின் ஞாபகம் கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான். மறுபடி இருபது தடவை. 11 சரி. வேறொரு நாள், எனக்கு நன்றாகப் பழகிய பாடல்களுடன் இன்னொரு இருபது. 12. இருபதில் 15 வந்திருந்தால் ஏதோ கேட்கிறது என்று மார்தட்டலாம். மகளையும் உட்காரவைத்தேன், அவளுக்கு 9. "தெரியலப்பா, ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

இத்தனை சோதனையும் ஃபேனை அணைத்துவிட்டுச் செய்தவை. தினசரி அப்படியா கேட்கிறேன்? நாற்காலியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஃபேன் இல்லாமல் 32 டெசிபெல், மெதுவாக ஓடினால் 39, முழு வேகத்தில் 46. நான் கேட்பது சராசரி 65-இல். பாட்டின் அமைதியான இடங்களில் சுற்று ஸ்பீக்கரில் வரும் மண்டப எதிரொலி முன்னாலிருப்பதைவிட 20 டெசிபெல் தணிந்தே இருக்கிறது. அதாவது 45. முழு வேக ஃபேன் அதை அப்படியே விழுங்கிவிடும். ஸ்பீக்கரைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவன் தலைக்கு மேல் சுற்றுவதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது சத்தம் குறைந்த மேசை ஃபேன் ஒன்று மூலையிலிருந்து காலைப் பார்த்து ஓடுகிறது, 35.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வைத்திருந்த முன் ஜோடியின் விலையை 1 என்று கொண்டால்: ரிசீவர் 1.5, சப்வூஃபர் 0.8, மேல் நான்கும் 0.8, சுற்று ஜோடி 0.5, சென்டர் 0.4, கம்பி, தாங்கி, போல்ட் 0.2, மைக் 0.15. கூட்டினால் 4.35. இதில் எனக்கு அதிகம் திருப்பிக் கொடுத்தது கடைசியில் நிற்கும் 0.15. இரண்டாவது, சுற்று ஜோடியின் 0.5. மிச்சப் பணத்தை முன் ஜோடியிலும் இன்னொரு சப்வூஃபரிலும் போட்டிருந்தால் என் 18 ஸ்டூடியோப் பாடல்களும் நன்றாக இருந்திருக்கும். கச்சேரிப் பதிவே அதிகம் கேட்காதவர் என்னிடம் கேட்டால், சுற்று ஜோடிகூட வேண்டாம் என்பேன். கச்சேரிப் பதிவு நிறையக் கேட்பவருக்கு, சுற்று ஜோடி வாங்குங்கள், ஏணியைத் தொடாதீர்கள் என்பேன்.

மறுபடி ஆரம்பித்தால் மைக்கைத்தான் முதலில் வாங்குவேன். இரண்டு ஸ்பீக்கரோடு நாற்காலியின் இடத்தை முடிவு செய்து, தரையில் டேப் ஒட்டிவிடுவேன். பிறகு சுற்று ஜோடியை ஸ்டாண்டில் வைத்து மூன்று மாதம். மேல் ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்தே தீர வேண்டுமென்றால் இரண்டு உயரமான ஸ்டாண்டில் கட்டி நிறுத்தி, மேலே சொன்ன இருபது தடவைத் தேர்வை எழுதிவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுப்பேன்.

கழற்றிய நான்கில் இரண்டை நண்பர் எடுத்துக்கொண்டார், அவர் படம் பார்க்கிறவர். ஆங்கர் போல்ட்டின் உறை கான்கிரீட்டுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுத்தது. நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, மிச்சத்தை உள்ளே தட்டிவிட்டு, புட்டி வைத்துத் தேய்த்தேன். பெயின்ட் அடித்தும் வெள்ளைக்கு வெள்ளை ஒத்துப்போகவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் ஒன்பது வட்டங்களும் தெரிகின்றன, முறுக்குக் கம்பி இடித்த அந்த மூன்றாவது உட்பட.